பகிர்வு வானூர்தி நிலைய ஊர்தி

பகிர்வு வானூர்தி நிலைய ஊர்தி என்பது வானூர்தி நிலையத்தில் வந்திறங்கும், ஒருவரையொருவர் அறியாத பயணிகளை ஒரே வேனிலோ சிறிய பேருந்திலோ ஏற்றிச் சென்று, அவரவர் தங்கும் விடுதியின் வாசலில் ஒருவர் பின் ஒருவராக இறக்கிவிடும் கட்டணப் போக்குவரத்துச் சேவை ஆகும். திரும்பும் நாளில் இதே ஊர்தி விடுதிதோறும் சென்று பயணிகளைச் சேர்த்துக்கொண்டு வானூர்தி நிலையத்தை அடையும். வாடகை மகிழுந்தை விட மலிவானது. நகரப் பேருந்தை விட வசதியானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இந்தச் சேவை, விடுமுறைக்குச் செல்வோர் பெருமளவில் கூடும் ஒர்லாண்டோ, லாஸ் வேகஸ், ஹொனலுலு, கான்கூன் போன்ற நகரங்களில் வளர்ந்தது. பயணி பணத்தை மிச்சப்படுத்துகிறார். அதற்கு ஈடாகத் தம் நேரத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கிறார். எவ்வளவு நேரம் கொடுக்க நேரும் என்பது ஊர்தியில் ஏறும்வரை அவருக்குத் தெரியாது. இச்சேவையின் சிறப்பும் குறையும் இதிலேயே அடங்கியுள்ளன.

பெயர்

இச்சேவை ஆங்கில வழக்கில் ஷேர்டு ஷட்டில் எனப்படுகிறது. ஷட்டில் என்பது தறியில் ஊடை நூலைச் சுமந்து இருபுறமும் ஓடும் நாடாவின் பெயர். இரு இடங்களுக்கிடையே மீண்டும் மீண்டும் சென்றுவரும் ஊர்திக்கு அச்சொல் பின்னர் ஆகிவந்தது.

விடுதிகள் தம் விருந்தினருக்கெனக் கட்டணமின்றி இயக்கும் ஊர்திகளும் ஷட்டில் என்றே அழைக்கப்படுவதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. அவை ஒரே விடுதிக்கு மட்டும் செல்பவை. பகிர்வு ஊர்தி பல விடுதிகளுக்குச் செல்வது. சென்னையில் ஓடும் ஷேர் ஆட்டோவும் அறிமுகமற்றவர்களைச் சேர்த்து ஏற்றுவதே ஆயினும், அது குறித்த சாலையில் மட்டுமே ஓடும். இறங்கியபின் வீட்டுக்கு நடக்க வேண்டியது பயணியின் பொறுப்பு. பகிர்வு ஊர்தியின் வழித்தடமோ ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக அமைவது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வானூர்தி நிலையத்துக்கும் நகர மையத்தின் பெரிய விடுதிகளுக்கும் இடையே பல பயணிகளைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் நீண்ட மகிழுந்துகள் ஓடின. அவை லிமோசின் என்றே அழைக்கப்பட்டன. அச்சொல் இன்று தரும் ஆடம்பரப் பொருள் அவற்றுக்குப் பொருந்தாது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த செக்கர் மோட்டார்ஸ் நிறுவனம் 1960களில் ஏரோபஸ் என்னும் ஊர்தியை இதற்கெனவே செய்தது. சாதாரண வாடகை மகிழுந்தை இழுத்து நீட்டியது போன்ற தோற்றமுடைய அதில், ஒன்பது அல்லது பன்னிரண்டு பேர் அமரலாம். ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் தனிக் கதவு இருந்தது. ஜப்பானில் நரிட்டா, ஹனேடா நிலையங்களிலிருந்து விடுதிகளுக்குச் செல்லும் பேருந்துகள் இன்றும் லிமோசின் பேருந்து என்ற பெயரையே தாங்குகின்றன. ஆயினும் அவை கால அட்டவணைப்படி குறித்த நிறுத்தங்களுக்கு ஓடுபவை.

வீட்டு வாசல், விடுதி வாசல் என எங்கும் வந்து நிற்கும் வேன் சேவையைப் பரவலாக்கியது சூப்பர் ஷட்டில் நிறுவனம் ஆகும். மிட்செல் ரவுஸ் என்பவர் 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இதனைத் தொடங்கினார். நீல நிற வேனில் மஞ்சள் எழுத்துக்களைத் தாங்கிய இந்த ஊர்திகள் பின்னர் நாட்டின் பல நகரங்களில் பழக்கமான காட்சியாயின. 2006இல் இந்நிறுவனம் பிரெஞ்சுப் போக்குவரத்து நிறுவனமான வியோலியாவின் கைக்குச் சென்றது. 2019இல் மீண்டும் கைமாறியது. அவ்வாண்டு திசம்பர் 31 அன்று தன் வேன் சேவையை நிறுத்தியது. அதன் பெயர் பின்னர் வேறு உரிமையாளரின் கீழ் முன்பதிவுச் சேவையாகத் தொடர்ந்தது.

இயங்கும் முறை

பயணி முன்கூட்டியே இணையம் வழியாகவோ, வந்திறங்கியபின் நிலையத்திலுள்ள முகப்பிலோ இடம் பதிவு செய்கிறார். வானூர்தியின் எண், வந்திறங்கும் நேரம், விடுதியின் முழுப்பெயர், ஆட்களின் எண்ணிக்கை, பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவை கேட்கப்படும். வானூர்தி எண்ணைக் கேட்பது வெறும் சடங்கன்று. வானூர்தி தாமதமானால் அதனை நிறுவனம் அறிந்து, அப்பயணியை அடுத்த ஊர்திக்கு மாற்ற அதுவே உதவும்.

விடுதியின் முழுப்பெயரும் அவ்வாறே முக்கியமானது. ஒரே விடுதிக் குழுமத்துக்கு ஒரே நகரில் பல கிளைகள் இருப்பதும், அவற்றின் பெயர்கள் ஒரு சொல்லால் மட்டுமே வேறுபடுவதும் சுற்றுலா நகரங்களில் மிக இயல்பு. முகவரியையும் சேர்த்துக் கொடுத்தவர் தவறான வாசலில் பெட்டிகளோடு நிற்க நேராது.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரும் பயணிகளை நிலையத்தில் நிற்கும் ஒருங்கிணைப்பாளர் திசைவாரியாகப் பிரித்து வேன்களில் ஏற்றுவார். முதலில் வந்தவர் முதலில் புறப்படுவதில்லை. தம் திசையில் போதிய ஆட்கள் சேரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இத்தனை நிமிடங்களுக்கு மேல் காக்க வைப்பதில்லை எனச் சில நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கும். முன்பதிவின்போது கட்டணத்தை விட முதலில் பார்க்க வேண்டியது இந்த வரம்பையே எனலாம். வானூர்திகள் கூட்டமாக வந்திறங்கும் நண்பகலிலும் மாலையிலும் வேன் விரைவில் நிரம்பும். நள்ளிரவில் வருபவருக்கு ஊர்தி ஓடுகிறதா என்பதே கேள்வி.

நிறுத்தங்களின் வரிசை

ஆறு விடுதிகளுக்குச் செல்ல வேண்டிய ஒரு வேன் அவற்றை 720 வெவ்வேறு வரிசைகளில் சென்றடையலாம். எட்டு விடுதிகளாயின் 40,320 வரிசைகள், பத்தாயின் 36,28,800. இவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது கணிதத்தில் ஊர்தி வழியமைப்புச் சிக்கல் எனப்படும். 1959இல் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் ஆகிய இருவரும் பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டு செல்லும் சரக்குந்துகளை முன்வைத்து இச்சிக்கலை வரையறுத்தனர்.

சரக்குந்தில் இருக்கும் எரிபொருளுக்குப் பொறுமை தேவையில்லை. பயணிகளை ஏற்றும்போது சிக்கல் வேறாகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வேனில் ஆறு பேர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் மட்டும் நிலையத்திலிருந்து 10 நிமிடத் தொலைவிலுள்ள முதல் விடுதிக்குச் செல்பவர். ஐவர் அடங்கிய குடும்பம் நிலையத்திலிருந்து 15 நிமிடத் தொலைவிலுள்ள இரண்டாம் விடுதிக்குச் செல்வது. இரு விடுதிகளுக்கும் இடையே 20 நிமிடப் பயணம்.

அருகிலுள்ள விடுதிக்கு முதலில் சென்றால் தனியர் 10 நிமிடமும், குடும்பத்தினர் ஒவ்வொருவரும் 30 நிமிடமும் வேனில் இருப்பர். அனைவரின் நேரத்தையும் கூட்டினால் 160 நிமிடங்கள். குடும்பத்தை முதலில் இறக்கினால் அவர்களுக்குத் தலைக்கு 15 நிமிடம், தனியருக்கு 35 நிமிடம். மொத்தம் 110 நிமிடங்கள். வேன் மீண்டும் நிலையத்துக்கே திரும்புவதாயின் இரு வரிசையிலும் அதன் ஓட்டம் 45 நிமிடங்களே. நிறுவனத்துக்கு எரிபொருளில் எவ்வித வேறுபாடும் இல்லை. ஆயினும் அருகில் உள்ளதை முதலில் முடிப்பதே ஓட்டுநருக்கு இயல்பாகத் தோன்றும்; வேனில் இருப்பவருக்கும் அதுவே நியாயமாகப் படும். தம் விடுதியைக் கடந்து சென்றுவிட்டுப் பின்னர் திரும்பி வருவதை எவர்தாம் விரும்புவர்?

ஆறு விடுதிகளுக்குச் செல்லும் வேனில், தம் விடுதி எந்த இடத்தில் வரும் என்று அறியாத பயணி சராசரியாக இரண்டரை நிறுத்தங்களைக் கடந்தே இறங்குவார். விடுதி வளாகத்துக்குள் நுழைந்து, பெட்டிகளை இறக்கி, மீண்டும் சாலைக்கு வர ஒரு நிறுத்தத்துக்கு 8 நிமிடம் ஆகுமெனக் கொண்டால், நிறுத்தங்களால் மட்டும் சராசரி இழப்பு 20 நிமிடங்கள். கடைசியில் இறங்குபவருக்கு 40 நிமிடங்கள். திரும்பும் பயணத்தில் முதலில் ஏற்றப்படுபவர் இதே சுமையைத் தாங்குவார்.

கட்டணம்

வாடகை மகிழுந்தின் கட்டணம் ஊர்திக்கு. பகிர்வு ஊர்தியின் கட்டணம் தலைக்கு. ஆகவே தனியாகச் செல்பவருக்கு இது பெரும் சேமிப்பாகவும், குடும்பத்துக்குச் சேமிப்பே இல்லாததாகவும் அமையலாம். 2022இல் ஒர்லாண்டோவில் மியர்ஸ் கனெக்ட் என்னும் சேவை, டிஸ்னி விடுதிகளுக்கு ஒருவழிப் பயணமாகப் பெரியவருக்கு 16 டாலர், சிறுவருக்கு 13.50 டாலர் எனத் தொடங்கியது. இக்கட்டணத்தில் பெற்றோரும் இரு பிள்ளைகளும் சென்றால் 59 டாலர் ஆகும். தனி ஊர்தி ஒன்று 60 டாலருக்குக் கிடைக்குமாயின் ஒரு டாலர் மிச்சத்துக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. அதே சமயம் தனிப்பயணி 44 டாலர் மிச்சப்படுத்துகிறார்.

ஐக்கிய அமெரிக்காவில் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ஓட்டுநருக்குச் சிறு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். விளம்பரத்தில் காணும் கட்டணத்தில் இது சேராது. அலைச்சறுக்குப் பலகை, கோல்ஃப் மட்டைப் பை, சக்கர நாற்காலி முதலியவற்றுக்கு முன்னறிவிப்பு வேண்டும். சிலவற்றுக்குத் தனிக்கட்டணமும் உண்டு. குழந்தைகளுக்கான இருக்கையை நிறுவனம் தருமா, நாமே கொண்டுவர வேண்டுமா என்பதையும் பதிவின்போதே கேட்டறிதல் வேண்டும்.

ஒர்லாண்டோ

புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரை இச்சேவையின் வரலாற்றுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1971 அக்டோபர் 1 அன்று நகருக்குத் தென்மேற்கே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டது. வானூர்தி நிலையமோ நகரின் தென்கிழக்கில், முன்பு மக்காய் வான்படைத் தளமாக இருந்த இடத்தில் அமைந்துள்ளது. நிலையத்தின் எம்.சி.ஓ. என்னும் குறியீட்டில் அத்தளத்தின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நகரப் பேருந்தில் இத்தொலைவைக் கடக்கலாம். ஆனால் பெட்டிகளோடும் களைத்த பிள்ளைகளோடும் வருபவர் அதனை நாடுவது அரிது. ஆகவே வந்திறங்குவோர் மகிழுந்தை வாடகைக்கு எடுத்தனர், அல்லது 1939 முதல் இந்நகரில் இயங்கும் மியர்ஸ் நிறுவனம் போன்றவற்றின் வேன்களில் ஏறினர்.

2005 மே மாதத்தில் டிஸ்னி நிறுவனம் மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற சேவையைத் தொடங்கியது. டிஸ்னிக்குச் சொந்தமான விடுதிகளில் தங்குவோர் தனிக்கட்டணம் ஏதுமின்றி இதனைப் பயன்படுத்தலாம். பேருந்துகளை இயக்கியது மியர்ஸ் நிறுவனமே. பயணிக்கு வீட்டுக்கே மஞ்சள் நிறப் பெட்டிச் சீட்டுகள் அஞ்சலில் வந்துவிடும். அவற்றைக் கட்டி ஊரிலேயே பெட்டியை ஒப்படைத்தால், ஒர்லாண்டோவில் பெட்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சில மணி நேரத்தில் அது விடுதி அறைக்கே வந்து சேரும். இந்த ஏற்பாடு பகிர்வு ஊர்தியின் பெரிய தொல்லைகளுள் ஒன்றை நீக்கியது. பெட்டி இல்லாத பயணிகள் விரைவில் ஏறினர், விரைவில் இறங்கினர். ஒவ்வொரு நிறுத்தமும் குறுகியது. ஆல் ஸ்டார் என்னும் பெயருடைய மூன்று விடுதிகள் போல, அருகருகே உள்ள விடுதிகளை ஒரே பேருந்தில் சேர்த்ததால் சுற்றும் குறைந்தது.

இதில் டிஸ்னிக்குத் தெளிவான ஆதாயம் இருந்தது. வாடகை மகிழுந்து இல்லாத விருந்தினர் வேறு பூங்காக்களுக்கோ வெளி உணவகங்களுக்கோ எளிதில் செல்வதில்லை. பேருந்தின் செலவு அறை வாடகையிலும் உணவு விற்பனையிலும் திரும்பி வந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

2021 சனவரியில், அடுத்த ஆண்டு முதல் வருவோருக்கு இச்சேவை இராது என டிஸ்னி அறிவித்தது. 2022 தொடக்கத்தில் மியர்ஸ் நிறுவனம் தன் பெயரிலேயே கட்டணச் சேவையைத் தொடங்கியது. பழைய தொடர்வண்டி போல் அலங்கரித்த பேருந்துகளுடன் சன்ஷைன் ஃபிளையர் என்ற போட்டிச் சேவையும் வந்தது. 2023இல் இரண்டும் கைகோத்தன. அறைக்கே பெட்டி வந்துசேரும் வசதி பெருந்தொற்றுக் காலத்திலேயே நின்றுபோயிருந்தது. 2023 செப்டம்பரில் பிரைட்லைன் தொடர்வண்டி மயாமியிலிருந்து ஒர்லாண்டோ வானூர்தி நிலையம் வரை வந்தது. விடுதிகள் வரை அது செல்லாததால், அதில் வந்திறங்குவோரும் எஞ்சிய தொலைவுக்குச் சாலை ஊர்தியையே நாட வேண்டியுள்ளது.

திரும்பும் நாள்

வரும் நாளின் தாமதம் எரிச்சலோடு முடியும். திரும்பும் நாளின் தாமதம் வானூர்தியைத் தவறவிடச் செய்யும். இதனால் நிறுவனங்கள் மிகவும் முன்னதாகவே ஏற்றிக்கொள்கின்றன. வானூர்தி புறப்படுவதற்கு மூன்று மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாக விடுதி வாசலில் நிற்கும்படி கூறப்படலாம். காலை ஆறு மணி வானூர்திக்கு இரவு இரண்டரை மணிக்கே எழ வேண்டிவரும். அத்தகையோர் வரும்போது பகிர்வு ஊர்தியும் போகும்போது தனி ஊர்தியும் எடுப்பதே அறிவுடைமை. இருவழிக்கும் சேர்த்துப் பதிவதால் கிடைக்கும் தள்ளுபடி பெரிதாக இல்லாத இடங்களில் இது எளிது.

குறித்த நேரத்தில் வேன் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் தொலைபேசி எண் பதிவுச் சீட்டில் இருக்கும். முதல் பத்து நிமிடத் தாமதத்திலேயே அழைப்பது நல்லது. வானூர்தியைத் தவறவிட்டதற்கு இழப்பீடு தருவதில்லை எனச் சேவை விதிகளில் எழுதி வைப்பதும் பரவலாகக் காணப்படுகிறது.

பாதுகாப்பு

பதினைந்து இருக்கை வேன்கள் குறித்து ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் எச்சரிக்கை வெளியிட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் ஏறிய நிலையில், விபத்துக்குள்ளாகும் இவ்வகை வேன் உருளும் வாய்ப்பு, குறைவானோர் இருக்கும்போது உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. ஆட்கள் கூடக்கூட எடை மேலும் பின்னும் நகர்ந்து, ஊர்தியின் ஈர்ப்பு மையம் உயர்வதே காரணம். கூரைமேல் பெட்டிகளை அடுக்குவது நிலைமையை மோசமாக்கும். இருக்கை வார் அணிதல் இங்கு வெறும் சம்பிரதாயம் அன்று.

ஓட்டுநர்கள்

குறைந்த கட்டணத்தின் சுமை எங்கேயோ விழுந்தாக வேண்டும். பல நகரங்களில் அது ஓட்டுநர்மேல் விழுந்தது. டாலஸ் ஃபோர்ட் வொர்த் வானூர்தி நிலையத்தில் சூப்பர் ஷட்டில் ஓட்டுநர்கள் முதலில் ஊழியர்களாக இருந்தனர். 2005இல் நிறுவனம் அவர்களை வணிக உரிமம் பெற்றவர்களாக மாற்றியது. அதன்படி வேனை அவர்களே வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ வேண்டும். உரிமத்துக்குத் தொடக்கக் கட்டணமும், வாரந்தோறும் நிலையான ஒரு தொகையும் செலுத்த வேண்டும். வசூலாகும் பயணக் கட்டணம் அவர்களுக்குரியது. எப்போது ஓட்டுவது என்பதும் அவர்கள் விருப்பம். பயணிகள் குறைந்த வாரத்திலும் நிறுவனத்துக்குச் செலுத்தும் தொகை குறையாது.

2010இல் இந்த ஓட்டுநர்கள் தொழிற்சங்கமாகத் திரள விரும்பி மனுச் செய்தனர். 1947ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, தற்சார்பு ஒப்பந்தக்காரருக்கு நாட்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தாது. ஆகவே இவர்கள் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்பதே வழக்கின் மையம் ஆயிற்று. 2019 சனவரி 25 அன்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், இவர்கள் ஒப்பந்தக்காரர்களே எனத் தீர்மானித்தது. தொழில் முனைவோராக இலாபம் ஈட்டும் வாய்ப்பு இவர்களுக்கு இருந்தது என்பதற்கு அத்தீர்மானம் பெரும் எடை கொடுத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நிறுவனம் தன் வேன் சேவையையே நிறுத்திக்கொண்டது. வாரியத்தின் பெரும்பான்மை மாறியபின், 2023 சூனில் அட்லாண்டா ஓப்பரா வழக்கில் வாரியம் இத்தீர்மானத்தின் அளவுகோலைக் கைவிட்டது. அந்த வழக்கு வேன்களைப் பற்றியதன்று; மேடைக் கலைஞர்களுக்கு ஒப்பனை செய்வோர், சிகை அலங்கரிப்போர் பற்றியது.

செயலி வழி ஊர்திகளும் பிற்காலமும்

2009இல் தொடங்கிய ஊபர், 2012இல் வந்த லிஃப்ட் ஆகியவை வாடகை ஊர்தியின் விலையைக் குறைத்தன. தொடக்கத்தில் பல வானூர்தி நிலையங்கள் இவற்றின் ஊர்திகள் பயணிகளை ஏற்றத் தடைவிதித்திருந்தன. படிப்படியாகத் தடைகள் நீங்கின. ஒர்லாண்டோ நிலையம் 2017இல் இவற்றோடு உடன்பாடு செய்தது. பகிர்வு வேனை விடச் சில டாலர்களே கூடுதலாகக் கொடுத்து, காத்திருப்பும் சுற்றும் இன்றி நேராகச் செல்ல முடிந்ததும் இருவர் மூவராகச் செல்வோர் அப்பக்கம் திரும்பினர். வேனில் ஆட்கள் குறைந்தனர். எனவே அது நிரம்பக் கூடுதல் நேரம் பிடித்தது. அதனால் மேலும் பலர் விலகினர்.

ஊபர் நிறுவனமே 2014இல் பல பயணிகளைச் சேர்த்து ஏற்றும் ஊபர் பூல் சேவையைத் தொடங்கி, 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது நிறுத்தியது. பின்னர் 2022இல் வேறு பெயரில் அதனை மீண்டும் கொண்டுவந்தது. யாரை முதலில் இறக்குவது என்ற பழைய சிக்கல் அங்கும் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் கையில் வைத்திருந்த பட்டியலின் இடத்தைக் கணினி நிரல் எடுத்துக்கொண்டது.

இப்போது இச்சேவை நன்கு நிலைத்திருப்பது, விடுதிகள் ஒரே பகுதியில் நெருங்கி அமைந்துள்ள ஊர்களில்தான். ஹொனலுலு நிலையத்திலிருந்து வைக்கீக்கி கடற்கரைக்கோ, கான்கூன் நிலையத்திலிருந்து கடலோர விடுதி வரிசைக்கோ செல்வோர் ஏறத்தாழ ஒரே சாலையில் அடுத்தடுத்து இறங்குபவர்கள். அங்கே கடைசிப் பயணியின் சுற்றும் பெரிதாக இருப்பதில்லை.